பதினேழாம் கேள்விக்கு முழு மதிப்பெண்

சன்னலோரம் நீங்களே உட்காருங்கள். எனக்கு வேண்டாம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இந்தப் பழனி–கொடைக்கானல் பஸ் பாதையில் வேறென்ன இருக்கிறது? எனக்கு மடியில் நோட்டு வைத்துக்கொள்ள இடம் இருந்தால் போதும். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டீர்கள், நன்றி. பேசலாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் போனைக் கொஞ்சம் பார்க்கலாமா? தொடமாட்டேன், தள்ளி இருந்தே பார்ப்பேன். ம். திரையில் வலது மூலையிலிருந்து ஒரு விரிசல், அதற்கு மூன்று கிளை. பின்னுறை பழுத்து மஞ்சளாகிவிட்டது. காலை பதினொரு மணிக்கே சார்ஜ் நாற்பத்தாறு சதவீதம். கோபித்துக்கொள்ளாதீர்கள்: நூற்றுக்கு முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு நான்கு குறைவு. இதுவரை யாரும் சொல்லவில்லையா? சொல்லமாட்டார்கள். யாரைக் கேட்டாலும் "சூப்பர் போன்" என்கிறார்கள். சூப்பர் என்பது ஒரு மதிப்பெண்ணா?

என் பெயர் நாச்சிமுத்து. ஊர் தாராபுரம். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன். விடைத்தாள் திருத்தும் முகாமில் இருபத்திரண்டு வருடம், அதில் கடைசி ஆறு வருடம் முதன்மைத் தேர்வாளர். எங்கள் முகாமில் மற்றவர்கள் சிவப்பு மையில் மாணவனைத் திருத்துவார்கள்; நான் பச்சை மையில் அவர்களைத் திருத்துவேன். நான் எழுதுவது போலவே பேசுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். என் மனைவிக்கும் தோன்றும். "வூட்டுக்குள்ளயும் போர்டுல எழுதறாப்பலயே பேசாதீங்க, டஸ்டர் எடுத்து அழிச்சுப்போடலாம்னு வருது" என்பாள். அது ஒரு பாராட்டு.

மனைவியைப் பார்க்கத்தான் போகிறேன். இல்லை, தவறு. மனைவியிடம் உள்ள கருவியைப் பார்க்கப் போகிறேன். அவள் பெயர் துளசிமணி. முந்தாநாள் திங்கட்கிழமை தோழிகளோடு நான்கு நாள் கொடைக்கானல் கிளம்பினாள். நான் இல்லாமல் அவள் போகும் முதல் பயணம். அதற்காக அவளுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வேண்டியிருந்தது. எனக்கா? என்னுடையது இதோ, பொத்தான் போன். ஒன்பது வருடமாக இதுதான். தேர்வாளர் தேர்வு எழுதக்கூடாது, பாருங்கள்.

துளசிமணிக்குத் தொலைபேசி பற்றி ஒன்றும் தெரியாது. தாராபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்தாள், அவ்வளவுதான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு துளையில் பிடுங்கி இன்னொரு துளையில் செருகுகிற வேலை. தொழில்நுட்பம் என்று அதைச் சொல்ல முடியாது அல்லவா? ஆகவே போனைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அவள் கொடுத்தாளா என்று கேட்காதீர்கள். நான் எடுத்துக்கொண்டேன்.

அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "எனக்குப் பச்சைக் கலர்ல இருக்கோணும்." முதல் நாளே சொன்னாள். நான் விடைக்குறிப்பை எடுத்துக் காட்டினேன். வன்பொருள் நாற்பது, மென்பொருள் நாற்பது, வடிவமைப்பு இருபது, மொத்தம் பதினேழு கேள்விகள். இதில் நிறத்துக்கு எங்கே இடம்? "இல்லீன்னா பரவால்லீங்க, நீங்க டெஸ்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பெருந்தன்மை.

அவளுடைய தம்பி குழந்தைவேலு பெரிய கடைவீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவனிடம் மூன்று போன்களை ஆறு நாள் சோதனைக்கு வாங்கி வந்தேன். கொடுக்கும்போதே "மாமா, பொட்டிய மட்டும் கிழிச்சுப்போடாதீங்க" என்றான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். சாதாரண மனிதன் என்ன செய்வான்? பெயரைப் பார்ப்பான், பெயருக்கு மயங்குவான். முகாமில் நாங்கள் அப்படிச் செய்வதில்லை. விடைத்தாளில் மாணவன் பெயரும் பதிவெண்ணும் இருக்கும் பகுதியைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போட்டுத்தான் மேசைக்கு வரும். கலெக்டர் மகனா, காய்கறிக்காரர் மகளா, ஒன்றும் தெரியாது. அதேபோல மூன்று போன்களின் பின்பக்கத்திலும் கம்பெனிப் பெயர் மறையும்படி வெள்ளை லேபிள் ஒட்டினேன். 4107, 4108, 4109. உலகத்திலேயே டம்மி நம்பர் போட்டுத் திருத்தப்பட்ட முதல் போன்கள் இவையாகத்தான் இருக்கும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். துளசிமணியும் சிரித்தாள். "பேரு உங்க கண்ணுக்குத் தெரியாது, சரிங்க. போனைத் தொறந்தாலே அது பேரைப் போட்டுக்கிட்டுத்தான் வருதே?" என்றாள். அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வேன் என்றேன். மூடிக்கொள்ளவும் செய்தேன்.

வன்பொருள். முதலில் எடை. பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து ஓய்வு நாளன்று எனக்கு நினைவுப்பரிசாக ஒரு சுருள்வில் தராசு கொடுத்தார்கள். அதில் தொங்கவிட்டேன். அப்புறம் விழும் சோதனை. ஒரு மீட்டர் உயரம், கீழே நான்காக மடித்த ஜமக்காளம். 4107-ஐ விட்ட நேரத்தில் குழந்தைவேலு உள்ளே வந்துவிட்டான். "மாமா! அது கடைப் பொருளுங்க!" என்று கத்தினான். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தைவேலு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். 4107-க்கு எட்டுக்கு ஏழரை. ஜமக்காளத்தின் உதவிக்காக அரை மதிப்பெண் கழித்தேன்.

கேமராவில்தான் ஒரு சுவாரசியம். லாகரிதம் அட்டவணையைச் சுவரில் மாட்டி ஐந்து மீட்டர் தள்ளி நின்று மூன்றிலும் படம் எடுத்தேன். 4107 நன்று. 4109 சுமார். 4108-இல் எதுவுமே தெரியவில்லை. மார்கழிக் காலையில் அமராவதி ஆற்றுப் பாலத்தில் நிற்பது போல ஒரே வெள்ளை. பத்துக்கு இரண்டு போட்டேன். திறந்ததற்கு ஒன்று, மூடியதற்கு ஒன்று. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த துளசிமணி எழுந்து வந்தாள். போனை வாங்கினாள், திருப்பினாள், நகத்தால் எதையோ சுரண்டினாள். "இப்ப எடுங்க" என்றாள். என்னுடைய டம்மி நம்பர் லேபிள் லென்சின்மேல் பாதி ஏறியிருந்திருக்கிறது. அது லேபிள் தயாரித்தவன் பிழை. அளவு சரியில்லை. ஆனாலும் நான் நேர்மையானவன், மறுமதிப்பீடு செய்தேன். பத்துக்கு ஒன்பது.

லேபிளைச் சுரண்டியபோது பின்பக்கம் தெரிந்தது. பச்சை. நான் கவனிக்கவில்லை. கவனித்தேன், ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மென்பொருளுக்கு வருவோம். வாய்விட்டுக் கேட்டால் பதில் சொல்லுமாமே. ஒளியின் வேகம் என்ன என்று மூன்றையும் கேட்டேன். 4107 எண்ணைச் சரியாகச் சொன்னது, அலகு சொல்லவில்லை. அரை மதிப்பெண் கழித்தேன். அலகில்லாத விடை எனக்கு உப்பில்லாத ரசம். 4109 விடையைச் சொல்லிவிட்டு, விளக்கு வாங்க விருப்பமா, பக்கத்தில் நான்கு கடைகள் இருக்கின்றன என்றது. மாணவன் விடைத்தாளின் கடைசியில் "ஐயா, எப்படியாவது பாஸ் போடுங்கள்" என்று எழுதுவது போல இருந்தது. பச்சை… 4108 மட்டும் அலகோடு சொன்னது. வெற்றிடத்தில் என்றும் சேர்த்துச் சொன்னது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னிடம் படித்த எத்தனை பேர் அந்த "வெற்றிடத்தில்" என்ற சொல்லை எழுதினார்கள் என்று நினைக்கிறீர்கள்?

வடிவமைப்புக்கு நான் செய்த சோதனையை நீங்கள் எங்கும் படித்திருக்க மாட்டீர்கள். பரீட்சை அட்டையைச் சாய்வாகப் பிடித்து அதன்மேல் போனை வைத்து மெல்ல உயர்த்தினேன். எந்தக் கோணத்தில் வழுக்குகிறதோ அதிலிருந்து உராய்வுக் குணகம். 4109 பத்தொன்பது டிகிரியிலேயே சறுக்கியது. அதைக் கையில் பிடிக்கவே முடியாது, விலாங்கு மீன். 4108 முப்பத்திரண்டு டிகிரி வரை தாங்கியது. துளசிமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் போனை எடுத்தாள், இடுப்பில் சேலைக்குள் செருகினாள், முறத்தோடு இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்தாள். "நிக்குதுங்க" என்றாள். எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவளுக்கு அரை நிமிடம். ஆனால் அவளிடம் குணகம் இல்லை, பாருங்கள்.

கூட்டினேன். மறுகூட்டல் செய்தேன். 4107-க்கு எண்பத்தொன்றரை. 4108-க்கு எண்பத்து மூன்று. பதினேழாம் கேள்வி மட்டும் பாக்கி, அது வெறும் இரண்டு மதிப்பெண். முடிவு மாறினால் மாறட்டும் என்று அறிவித்தேன். முதலிடம் 4108. "பச்சைதானுங்களே?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அது தற்செயல் என்று பதில் சொன்னேன். "ஆமாங்க, தற்செயலு" என்றாள். குழந்தைவேலு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். அவனுக்கு அடிக்கடி இருமல் வரும்.

பதினேழாம் கேள்வியை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், அதற்கு அவளுடைய சிம் வேண்டும். வேண்டாத அழைப்புகளைத் தடுக்கும் வசதி. கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, சிம்மைப் பச்சைப் போனில் போட்டுவிட்டுச் செய்தேன். சோதனைக்கு ஒரு வேண்டாத எண் தேவைப்பட்டது. யாருடையதைப் போடுவது? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றுதான். போட்டேன், அழைத்தேன். மேசையில் இருந்த போன் அசையவில்லை. ஒரு சத்தம் இல்லை, ஒரு வெளிச்சம் இல்லை. தடுத்ததே தெரியாமல் தடுத்தது. பிரமாதம்! இரண்டுக்கு இரண்டு. பச்சை மையில் ஒரு சரி போட்டு, கீழே கோடு இழுத்து, எண்பத்தைந்து என்று எழுதிக் கையொப்பமும் இட்டு, நோட்டை மூடினேன். ஒரு வேலையை முடித்த திருப்தி இருக்கிறதே, அதற்கு ஈடில்லை.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு. ஐந்து பெண்கள், ஐந்து பைகள், ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு. எல்லோருமே பழைய எக்ஸ்சேஞ்ச் ஆட்கள். நான் துளசிமணிக்காக ஒரு பக்கத்தில் வழிமுறைகள் எழுதி லேமினேட் செய்து வைத்திருந்தேன். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று அங்கேயே உரக்கப் படித்தேன். "ஒன்று. அழைப்பு வந்தால் பதற வேண்டாம். இரண்டு. பச்சை வட்டத்தை மேல்நோக்கி இழுக்கவும்." வளர்மதி என்று ஒரு அம்மா, அவர்களுக்கெல்லாம் சூப்பர்வைசராக இருந்தவர், "சார், நாங்க அஞ்சு பேருந்தானுங்க இந்தச் சுத்துவட்டாரத்தையே பேச வெச்சோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

துளசிமணி சிரிக்கவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். லேமினேட் செய்த தாளை மடிக்க முடியாது. அவள் மடித்தாள்.

"வர்றேனுங்க" என்றாள். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் உங்களுக்குப் புரியாது. துளசிமணி யாருக்கும் போன் செய்யமாட்டாள். வந்தால் எடுப்பாள், தானாக டயல் செய்யமாட்டாள். "முப்பத்தொரு வருசம் ஊருக்கெல்லாம் நான் டயல் பண்ணியாச்சு. இனி எனக்கு யாராச்சும் பண்ணட்டும்." இது ஓய்வுக்குப் பிறகு சொல்லும் காரணம்; பழக்கம் என்னவோ கல்யாணமான புதிதிலிருந்தே உள்ளது. அப்போது நான் ஊட்டியில் வேலை பார்த்தேன். தினமும் மாலை ஏழு மணிக்கு டிரங்க் கால், அதாவது எக்ஸ்சேஞ்ச் வழியாக வெளியூர் அழைப்பு, போடுவேன்; லைன் கிடைத்தால் 'மெச்சூர் ஆச்சு' என்பார்கள், டியூட்டியில் அவள்தான் இருப்பாள். பேசிக்கொண்டே இருப்போம். ஒரு காலுக்கு மூன்று நிமிடம்தான் கணக்கு; அது ஆனதும் குரலை மாற்றிக்கொண்டு, "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டென்ட் பண்ணட்டுங்களா?" என்பாள். சொந்தப் புருஷனிடம்! ஒருநாளும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை. முகாமுக்குப் போனாலும் சரி, தேர்தல் வேலைக்குப் போனாலும் சரி, முப்பத்தெட்டு வருடத்தில் நாங்கள் பேசாத நாள் கிடையாது. கூப்பிடுவது எப்போதும் நான்.

திங்கள் மாலை ஏழு மணிக்கு அழைத்தேன். "நீங்கள் அழைக்கும் நபர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்." சரி, பேசட்டும். ஏழரைக்கு அழைத்தேன். பேசிக்கொண்டிருக்கிறார். எட்டு மணிக்கு, பேசிக்கொண்டிருக்கிறார். நோட்டைத் திறந்து ஒரு புதிய பக்கத்தில் "கள ஆய்வு" என்று தலைப்பிட்டு நேரங்களைக் குறிக்க ஆரம்பித்தேன். இதோ பாருங்கள், இந்தப் பக்கம். செவ்வாய் காலை ஐந்து நாற்பது: பேசிக்கொண்டிருக்கிறார். ஆறு, ஏழு, ஒன்பது. நேற்று மதியம் சாப்பாட்டு நேரம். இன்று விடியற்காலை. மொத்தம் நாற்பத்துமூன்று அழைப்பு. நாற்பத்துமூன்று தடவையும் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்!

இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவீர்கள்? நான் வந்த முடிவு: பேட்டரி அபாரம். ஒன்றரை நாளுக்குமேல் இடைவிடாமல் பேசியும் அணையாத பேட்டரி! பதினைந்துக்குப் பன்னிரண்டு போட்டிருந்தேன்; பதினைந்தாக்கிவிட்டேன். மொத்தம் எண்பத்தெட்டு. ஆனால் எதையும் ஒரே பக்கமாகப் பார்க்கக்கூடாது. இன்னொரு கருதுகோளும் உண்டு: மென்பொருளில் ஏதோ சிக்கிக்கொண்டு, சும்மா இருக்கும்போதும் பேசுவதாகக் காட்டுகிறது. அப்படியானால் எண்பத்தெட்டும் பொய். மொத்தத்தையும் அடித்துவிட்டுத் தோல்வி என்று எழுத வேண்டியிருக்கும். நான் கையொப்பமிட்ட தாளில்! அதை நேரில் பார்த்து முடிவு செய்யத்தான் இந்தப் பயணம். சிம் எடுக்கும் ஊசி கொண்டு வந்திருக்கிறேன். பையில் இருப்பது? அது அவளுடைய ஸ்வெட்டர். மறந்துவிட்டுப் போயிருந்தாள். அது சோதனையோடு தொடர்புடையதல்ல. ஆனால் கொடைக்கானலில் குளிருமே.

குழந்தைவேலுவிடம் கேட்டேனா? கேட்டேன். "அக்கா நல்லாத்தானே பேசுச்சு மாமா, காத்தாலதான் கூப்புட்டேன். போட்டிங் போகுதாம்" என்றான். அப்போது சரி, அவனோடு பேசிய நேரத்தில் "வேறொருவருடன்" என்றது உண்மை. மற்ற நாற்பத்திரண்டு? "ஏனுங் மாமா, நீங்க பேசலியா?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நான் அழைத்ததை அவளிடம் சொல்லாதே" என்று கண்டிப்பாகச் சொன்னேன். தேர்வு நடக்கும்போது தேர்வறைக்குள் செய்தி போகக்கூடாது. போனால் சோதனை கெட்டுவிடும். சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

என்ன சொல்கிறீர்கள்? உங்கள் போனிலிருந்து ஒரு தடவை அடித்துப் பார்க்கவா?

கூடாது. ஒரு சோதனையில் கருவியை நடுவில் மாற்றினால் முந்தைய நாற்பத்துமூன்று அளவீடுகளும் வீண். முறையியல் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் முப்பத்தொரு மதிப்பெண் போன். நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், மறுக்கவில்லை.

இல்லை, அதுமட்டுமல்ல.

வளைவு வருகிறது, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்… ம். சொல்லிவிடுகிறேன். உங்கள் போனில் அடித்து, அவள் எடுக்கவில்லை என்றால் குறை கருவியில் இருக்கிறது. நல்லது. பழுது பார்த்துவிடலாம், மாற்றிவிடலாம், குழந்தைவேலு இருக்கிறான். ஆனால் எடுத்துவிட்டால்? எடுத்துவிட்டால் கருவியில் ஒரு குறையும் இல்லை என்றாகிவிடும். புரிகிறதா? போன் நன்றாக இருக்கிறது, சிக்னல் நன்றாக இருக்கிறது, அவளும் நன்றாக இருக்கிறாள். அப்புறம் மிச்சம் யார்? அந்த லேமினேட் தாளை நான் அத்தனை பேர் நடுவில் படித்திருக்க வேண்டாம். இரண்டாவது வரியோடாவது நிறுத்தியிருக்கலாம். பதினோரு வரியும் படித்தேன்.

அட, நீங்கள் எண்ணைக் கேட்கிறீர்களே தவிர நான் சொன்னதைக் கேட்கவில்லை. சரி. சொல்கிறேன். ஸ்பீக்கரில் போடுங்கள். இந்தச் சத்தத்தில் காதில் வைத்தால் கேட்காது. நான் பேசமாட்டேன். நீங்கள் "யாரு, முருகேசனா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள். போதும்.

மணி அடிக்கிறது. அறிவிப்பு வரவில்லை, மணி அடிக்கிறது…

எடுத்துவிட்டாள். இரண்டாவது மணியில்.

"ஹலோ? யாருங்க பேசறது?"

நீங்கள் பேசுங்கள். முருகேசன். முருகேசன் என்று…

"ஹலோ? பஸ் சத்தமா கேக்குது. யாருங்க?"

"துளசி…"

"ஏனுங்க! நீங்களா? இதென்ன நம்பரு? ரெண்டு நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க? ஒரு போனு உண்டா? நானு ஏழு மணி ஆச்சுன்னா அந்தச் சனியனைக் கையில வெச்சுக்கிட்டுப் பால்கனியில நிக்கறேன், இவளுங்க எல்லாம் பார்த்துச் சிரிக்கறாளுங்க. 'என்ன துளசி, டிரங்க் கால் மெச்சூர் ஆகலியா'ன்னு வளர்மதியக்கா கேக்குது. அப்படி என்னங்க கோவம் உங்களுக்கு? ஒரு தாளை மடிச்சதுக்கா?"

"நான் அழைத்தேன் துளசி. நாற்பத்துமூன்று தடவை."

"எத்தன?"

"நாற்பத்துமூன்று. நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறேன்."

"ஒண்ணு வரல்லீங்களே. ஒண்ணுகூட வரல்ல. இருங்க, இருங்க. நீங்க கூப்புட்டா என்ன சொல்லுச்சு? பிசின்னு சொல்லுச்சா? எல்லாத் தடவையும் பிசியா?" கேட்டீர்களா அந்தக் குரலை? இது வீட்டுக் குரல் இல்லை, டியூட்டிக் குரல். "ஏனுங்க, போனைக் கொடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா என்ன டெஸ்ட் பண்ணுனீங்க?"

"பதினேழாம் கேள்வி."

"அதுல என்ன இருந்துச்சு?"

"வேண்டாத அழைப்பு… வேண்டாத எண்ணைத்… அடடா."

கேட்கிறதா உங்களுக்கு? அவளும் ஸ்பீக்கரில்தான் போட்டிருக்கிறாள். அது ஐந்து பேரும் சிரிக்கிற சத்தம். அந்தக் கனத்த சிரிப்பு வளர்மதி அம்மாவுடையது. இவ்வளவு சிரிப்பையும் உங்கள் ஸ்பீக்கர் பிசிறில்லாமல் தருகிறதே, பரவாயில்லை.

"டெஸ்ட் முடிஞ்சா லைனை எடுத்து உடோணுமுங்க. எங்க ஆபீசுல சேந்த மொத நாளு சொல்லிக்கொடுத்தது அதுதான். புருசனை வேண்டாத நம்பருன்னு போட்டு, அதுக்கு மார்க்கும் போட்டுக்கிட்டீங்களா?"

"இரண்டுக்கு இரண்டு."

"போடுவீங்க, போடுவீங்க."

"துளசி, ஒரு விஷயம். அந்த வசதி ஒன்றரை நாள், நாற்பத்துமூன்று தடவை, ஒருமுறைகூடத் தவறாமல் வேலை செய்திருக்கிறது. உண்மையில் அதற்கு இரண்டு போதாது."

"ஏனுங்க."

"என்ன?"

"மூணு நிமிஷம் ஆச்சு. எக்ஸ்டென்ட் பண்ணட்டுங்களா?"

…

கொஞ்சம் பொறுங்கள். தூசி. இந்தச் சன்னலை மூடக்கூடாதா நீங்கள்.

"பண்ணுங்கள்" என்றேன் அல்லவா? சொன்னேனா? சொல்லியிருக்கிறேன், அவள் தொடர்ந்து பேசுகிறாளே.

"எங்க இருக்கீங்க இப்ப? மலையேறியாச்சா? எதுக்கு வர்றீங்க?"

"ஸ்வெட்டர் மறந்துவிட்டாய்."

"அத மறக்கல்லீங்க, கனமா இருக்குதுன்னு வெச்சுட்டு வந்தேன். சரி, எடுத்துட்டு வாங்க, குளுரத்தான் குளுருது. பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கறோம். ஆனா அந்த நோட்டைத் தூக்கிட்டு எறங்கக்கூடாது, சொல்லிப்போட்டேன். இவளுங்க நாலு பேரு போனையும் திருத்த ஆரம்பிச்சுருவீங்க. இப்ப வையுங்க. எனக்கு ஒரு வேலை இருக்குது."

வைத்துவிட்டாள்.

இந்தாருங்கள், உங்கள் போன். நன்றி. அதை அப்படித் துடைக்காதீர்கள், விரிசல் கையில் கீறிவிடும். முப்பத்தொன்று என்று சொன்னேன் அல்லவா? எங்கள் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. தேர்ச்சிக்கு ஒன்றிரண்டு குறைகிற தாளை முதன்மைத் தேர்வாளர் எடுத்து இன்னொரு தடவை பார்ப்பார். எங்கேயாவது ஒரு நல்ல வரி இருக்கும். நான் பார்த்துவிட்டேன். கருணை மதிப்பெண் நான்கு. முப்பத்தைந்து. தேறிவிட்டது. வாழ்த்துகள்.

இந்த நோட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும் என்று கேட்கவில்லை, தெரியும். ஆனால் எறிய மனம் வராது, இதோடு இறங்கவும் முடியாது. தாராபுரம் பக்கம் வந்தால் பெரிய கடைவீதியில் குழந்தைவேலுவிடம் கொடுத்துவிட்டால் போதும். அதற்குமுன் பதினான்காம் பக்கத்தின் கூட்டலை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பேட்டரிக்கு ஏற்றிய மூன்றை மறுபடி இறக்க வேண்டும், எண்பத்தெட்டு எண்பத்தைந்தாகும். பச்சைப் பேனா இதோ…

என்ன அது? எங்கிருந்து மணி அடிக்கிறது?

என்னுடையதா? என் பாக்கெட்டில்தான். பாருங்கள், வெளிச்சம் வருகிறது. கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை, நீங்கள் படியுங்கள். துளசிமணி என்றா போட்டிருக்கிறது? நன்றாகப் பார்த்தீர்களா? குழந்தைவேலு இல்லையே?

அவள் டயல் செய்திருக்கிறாள். எனக்கு. தடுப்பை எடுத்துவிட்ட லைனைச் சரிபார்க்கிறாளாம். வேறென்ன, சோதனைதான், அவளும் சோதனைதான். எடுக்கிறேன், எடுக்கிறேன், இருங்கள். எத்தனையாவது மணியில் எடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது, எப்போதும் நான் அடிக்கிற பக்கம்தானே. இன்னும் ஒன்று அடிக்கட்டும். ஒலி கேட்கிறதா? கடைசி சீட்டுவரை கேட்கிறது, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நோட்டு உங்களிடம்தானே இருக்கிறது? எழுதிக்கொள்ளுங்கள். பொத்தான் போன், ஒலிப்பு, பத்துக்குப் பத்து. பச்சையில் எழுதுங்கள்.